எங்கள் புல்லட்டின் புதிய சீட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வீட்டு 1978ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிள் புதிய சீட்டுடன் மீண்டும் சாலைக்கு வந்துவிட்டது. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர் வரை அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நேராகக் கோயிலுக்குள் நடந்தார். வண்டியைப் பார்க்கிறவர்கள் "வீட்டிலேயே செய்தீர்களா?" என்று வியக்கிறார்கள். மொட்டை மாடியில் நடந்த வேலைதான். ஆனால் அதற்குள் எத்தனை பேரின் அறிவு இருக்கிறது என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

அம்மா புடவை கட்டுபவர். ஒருபக்கமாகக் கால் போட்டுத்தான் உட்காருவார். முழங்கால் வலியும் உண்டு. கடைகளில் விற்கும் சீட்டுகள் பெரும்பாலும் இருபுறமும் கால் போட்டு உட்காருபவருக்காக வெட்டப்பட்டவை. பின்பகுதி குறுகி, மேடேறி இருக்கும். ஒருபக்கமாக உட்காருபவருக்கோ அந்த இடம் தட்டையாகவும் அகலமாகவும் வேண்டும். தொடை படும் இடது ஓரம் மழுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். இதை முதலில் எனக்கு விளக்கியவர் ஜி.பி. ரோட்டில் சீட் தைக்கும் அண்ணன். அளவு கேட்டு, காசு வாங்கி, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அம்மாவை ஒரு நாள் அழைத்துவரச் சொல்லி, ஸ்டூலில் ஒருபக்கமாக உட்காரவைத்து, எடை எங்கே விழுகிறது என்று கையை வைத்துக் காட்டினார்.

ஸ்பாஞ்ச் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மெத்தென்று இருப்பதை மட்டும் போட்டால் உட்கார்ந்த அரைமணியில் அது நசுங்கி, இடுப்பெலும்பு அடித்தட்டில் முட்டும். அதனால் அடியில், நுரைத் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டியான ரீபாண்டட், மேலே நெகிழ்வான நுரை என்று இரண்டு அடுக்கு. ஒட்டியபின் முழங்காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடித்தட்டு தட்டுப்பட்டால் அது ஆகாது. நுரையை ரம்பத் தகட்டால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வளைவு எடுக்கும் வித்தையையும் அவரிடம்தான் கற்றேன். அண்ணே, உங்கள் மதிய ஓய்வு நேரத்தை எனக்குத் தந்தீர்கள். மறக்க மாட்டேன்.

அடித்தட்டை ஃபைபர் கிளாஸில் செய்தேன். வண்டியின் பின்சட்டத்தின்மேல் டேப் ஒட்டி, அலுமினியத் தாள் விரித்து, மெழுகு தடவி, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை நான்கு அடுக்காக, ரெசின் என்ற இறுகும் திரவத்தில் நனைத்துப் படியவைத்தேன். ரெசின் விற்ற கடைக்காரர் பொருளை எடுத்துத் தரும் முன்பே ஓர் எச்சரிக்கை சொன்னார். ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் மற்றது. இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். சென்னை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள் என்றதும் அவர்தான். ஐயா, உங்களால் என் கையும் கண்ணும் பத்திரமாக இருக்கின்றன.

உறை தைத்த அக்கா எங்கள் தெருமுனையில் பள்ளிப் பைகள் தைப்பவர். கனமான ரெக்சினைத் தைக்கும் இயந்திரம் அவரிடம் இருக்கிறது என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அவருடைய யோசனை எவ்வளவு கூர்மையானது என்பதை வேலையின்போதுதான் கண்டேன். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் தபால்தலையின் ஓரம்போலத் துளை விழுந்து ரெக்சின் அந்தக் கோட்டிலேயே கிழியும் என்று சொல்லித் தையலை நீட்டமாக வைத்தார். பருத்தி நூல் மழையிலும் வியர்வையிலும் இற்றுவிடும் என்று பாலியெஸ்டர் நூல் போட்டார். உட்காரும் இடத்தில் தையலே வராதபடி என் காகித அளவை மாற்றி வெட்டி, மூட்டு முழுவதையும் பக்கவாட்டுக்கு இறக்கினார். ஊசித் துளை வழியாகத்தான் தண்ணீர் நுரைக்குள் இறங்கும் என்பது அவர் கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் வெளியே நின்றும் சீட்டின் உள்ளே ஈரம் இல்லை. அக்கா, அடுத்த முறை நீங்கள் கூலியைச் சரியாகக் கேட்க வேண்டும். நீங்கள் வாங்கியது மிகக் குறைவு.

பழைய பாகங்களுக்கு வருகிறேன். புடவை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் சாரி கார்டும், மட்கார்டைத் தாங்கும் கம்பிகளும் துருவேறிக் கிடந்தன. பழைய வண்டியைப் புதுப்பிக்கும் பலர் அழகு கருதி சாரி கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. சட்டம் கிடக்கட்டும், அம்மாவின் முந்தானை அந்தச் சக்கரத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தத் துருவை நீக்க வழிகாட்டியவர் எதிர்வீட்டு வேதியியல் ஆசிரியர். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் துருப்பிடித்த பாகம், நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு. துரு கரும்பொடியாக உதிர்ந்தது. நல்ல இரும்பு தேயவில்லை. நேர்முனையில் எவர்சில்வர் வைக்காதே, நஞ்சான குரோமியம் கரைந்து வரும் என்றார். ஹைட்ரஜன் வெளியேறும், அறைக்குள் வைக்காதே என்றார். ஸ்பிரிங்குகளை அதில் போடவே கூடாது, ஹைட்ரஜன் புகுந்து எஃகை நொறுங்கச் செய்யும் என்றும் சொன்னார். ஒவ்வொரு "கூடாது"க்கும் உடனே காரணமும் வந்தது. சார், உங்கள் வகுப்பில் படித்த பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமை.

திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய தொழிலின் கைப்பழக்கம் இன்னும் அவர் விரல்களில் இருக்கிறது. என்ஜினின் அலுமினிய மூடியை மெருகேற்ற 400, 600, 800, 1000 என்று மேலும் மேலும் நைசான உப்புத்தாளாக மாற்றிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையைக் குறுக்காகத் திருப்பச் சொன்னார். முந்தைய தாளின் கீறல் எல்லாம் மறைந்த பிறகே அடுத்த தாளைத் தொடலாம். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு எந்த நட்டையும் தளர்த்திவிடும் என்று சீட்டுக்கு, அதிர்வில் எளிதில் தளராத நைலாக் நட்டும் ரப்பர் புஷ்ஷும் போடவைத்தார். டேங்கை நான் புதிதாகப் பெயின்ட் அடிக்க இருந்தேன். அதில் இருக்கும் தங்கக் கோடு ஒருவர் தூரிகையைக் கையில் பிடித்து இழுத்தது, அதைத் தொடாதே என்றார். தொடவில்லை. துடைத்து மெழுகு மட்டும் போட்டேன்.

ஹேண்டில்பாருக்குக் குரோம் பூசிய பட்டறைத் தொழிலாளர்களுக்கும் என் வணக்கம். துருவைத் தடுப்பது அடியிலுள்ள நிக்கல்தான், குரோம் அதன்மேல் மெல்லிய படலம் என்று சொல்லி, நிக்கலைக் குறைக்காமல் நிறைவாகப் பூசித் தந்தார்கள். அந்த வேலையை வீட்டில் யாரும் முயல வேண்டாம். அமிலத் தொட்டிகளின் அருகில் நாள் முழுதும் நிற்கும் அவர்களுக்கு நல்ல முகக்கவசமும் கையுறையும் கிடைக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ரெசின் நெடியையும் மெருகேற்றும் பஃபிங் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட மாடிவீட்டுக் குடும்பத்தாருக்கும், புதுப்பேட்டையில் பழைய சாரி கார்டு கொக்கியைத் தேடி எடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. செதுக்கிய நுரைமேல் சலிக்காமல் உட்கார்ந்து பார்த்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொன்ன அம்மாவுக்கும்.

வண்டியின் சட்டத்தில் எதையும் வெட்டவில்லை. பழைய துளைகளிலேயே சீட் உட்காருகிறது. காகித அளவுகளையும் அடித்தட்டின் அச்சையும் ஜி.பி. ரோடு அண்ணனின் கடையிலேயே கொடுத்துவைத்திருக்கிறேன். இதே சட்டமுள்ள புல்லட்டில், ஒருபக்கமாக உட்காரும் அம்மாவையோ பாட்டியையோ அழைத்துப்போகிற எவரும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விலை கிடையாது.

நன்றியுடன்,
பெரம்பூரிலிருந்து உங்கள் அன்பன்