கழுத்து வலியும் கழித்த பீடியும்

ஆசிரியருக்கு,

வெவ்வேறு படிப்பு படிக்கும் மாணவர்கள் இணையத்தில் கூடிக் கிராமத்து நோய்நொடிகளை ஆராய்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடியாத்தம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். அப்படி ஒரு கூட்டம் என் வீட்டுத் திண்ணையிலேயே நடந்ததால் எழுதத் தோன்றியது.

என் தங்கை மகள் பொறியியல் படிக்கிறாள். அவளோடு மருத்துவம், சமூகப்பணி, வணிகவியல் படிக்கும் மூன்று பேர், ஆளுக்கொரு ஊர். எடுத்துக்கொண்டது பீடி சுற்றும் பெண்களின் கழுத்து வலி. முதல் கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைக்க யாருக்கு முடியும்? ஒருத்திகூட வரவில்லை. பிறகு ராத்திரி ஒன்பதுக்கு மாற்றினார்கள். அரிசி டப்பாமேல் செல்போனைச் சாய்த்து வைத்தோம்; ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள்.

புகையிலைத் தூள் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், கையுறை போடலாமே என்றாள் மருத்துவ மாணவி. "உறைய மாட்டிக்கினு இலைய எப்படிம்மா சுருட்டறது?" என்று ஒரு பாட்டி கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊறவைத்த இலையின் பதம் விரல் நுனிக்குத்தான் தெரியும். அந்த மாணவியும் வாதாடாமல் விட்டுவிட்டாள்.

வணிகவியல் பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. "நல்லா இல்லைன்னு ஏஜென்ட் எத்தனை பீடிய கழிப்பார்?" என்றான். அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கழித்துப் போட்டதற்குக் காசில்லை, ஏஜென்ட் கொடுத்த இலையில் குறைகிறதற்கும் இவர்கள்தான் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு பீடியையும் கண்ணுக்குக் கிட்டே வைத்து, கழுத்தை மடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். முப்பது வருஷம் இவர்களுக்கு வலி மாத்திரையும் தைலமும் கொடுத்தவள் நான். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. பீடிக்கென்று வசூலித்து இவர்களுடைய மருந்தகத்துக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் போய்க்கொண்டிருந்த செஸ் வரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டது என்பதையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இந்த மாதிரிக் கூட்டு முயற்சியை நான் குறை சொல்ல வரவில்லை. டாக்டர் கண்ணுக்கு எலும்பு தெரிகிறது, கணக்குப் படித்தவன் கண்ணுக்குக் கூலி தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கழுத்து வலிக்குக் காரணம் பிடிபடுகிறது.

என் வருத்தம் வேறு. ஆறு வாரத்தில் படம் போட்டுக் காட்டி, மதிப்பெண் வாங்கி, பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அடுத்த பருவத் தேர்வு வந்துவிட்டது. ஆனால் அடுத்த வருஷம் வருகிற குழு வேறு ஊர், வேறு நோய் என்று போய்விடுமாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் அதே இடங்களில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே சி.எம்.சி.யின் கிராம சுகாதார, சமூகப் பணிப் பிரிவான ரூசா 1977இலிருந்து கே.வி.குப்பம் ஒன்றியத்தை விடாமல் பிடித்திருக்கிறது. நம் மாவட்டத்தில் முன்னுதாரணத்துக்கா பஞ்சம்? கல்லூரிகள் ஒரு தெருவை எடுத்தால் ஐந்து வருஷமாவது விடக்கூடாது. பழைய குழுவின் குறிப்பேட்டைப் புதிய குழு கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மதிப்பெண் என்று வைக்கட்டும். அந்த ஊர் செவிலியரும் பீடி சுற்றும் ஒரு பெண்ணும் குழுவில் இருக்கட்டும், பேச்சு தமிழில் நடக்கட்டும்.

என் தங்கை மகள் வரைந்து கொடுத்தபடி, முறத்தை மடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தும் சின்னப் பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் பத்து நாள் வைத்துப் பார்த்தாள். கழுத்துக்குச் சுகமாக இருக்கிறதாம், ஆனால் ஒரு கால் ஆடுகிறது, தூள் சிந்துகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டாள். குழுவின் வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டேன். மூன்று மாதம் ஆகிறது, யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.