விபத்துப் பதிவேட்டின் நகல் அன்றே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அங்கே சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. ‘தவறி விழுந்து காயம்’ என்று எழுதிவிட்டால், பிறகு இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரியே அவருக்கு எதிராக நிற்கும். வேலை நேரத்தில் இயந்திரத்தில் அடிபட்டது என்பது முதல் சீட்டிலேயே பதிவாக வேண்டும். உடனிருந்தவர்களின் பெயர்களையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்து வேலை வாங்கியிருந்தால் அதைப் படமெடுத்துவிடுங்கள். மறுநாள் அது பழையபடி பொருத்தப்பட்டிருக்கும்.

இதைவிடக் கொடுமை, வலியில் துடிப்பவரிடம் ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. யார் தவறு என்று பார்க்காமல் உதவித்தொகை தரும் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தை ஜெர்மனி 1884-லேயே கொண்டுவந்துவிட்டது. நிரந்தர ஊனத்துக்குத் தவணைமுறையில் தொடர்ந்து பணம் தருவதுதான் பொது விதி என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அந்தப் பணம் முறையாகப் பயன்படும் என்று அதிகாரிகளுக்கு உறுதியானால் மட்டுமே மொத்தமாகத் தரலாம். ஆனால் நடப்பதோ, ஒரு சிறு தொகையைக் கையில் திணித்துக் கணக்கை முடிப்பது!

தொழிற்சாலையில் விபத்துகளைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலை அன்றே காயம்பட்டவரிடமோ குடும்பத்தாரிடமோ தருவதை அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்த வேண்டும். அவர்களின் பெயர் பல இடங்களில் பதிவேட்டிலேயே ஏறுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்