தாத்தாவின் மரம்

அன்புள்ள செல்விக்கு,

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் எடுத்த படம் வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அதன்பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. படத்தில் நீயும் குழந்தையும் மட்டுமே இருந்தீர்கள். மாப்பிள்ளைதான் எடுத்திருப்பார் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே குளிர் அதிகம், காதை மூடிக்கொள்.

உங்களுக்குப் பின்னால் நின்ற படகைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு உடல்களை ஒன்றாக இணைக்கும் அந்த அமைப்பைப் பசிபிக் தீவு மக்கள் தொன்றுதொட்டு அறிவார்கள். 'கேட்டமரான்' என்ற பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது. 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் ஒற்றை ஆள் காலும் இடுப்பும் நனைய ஏறிச்செல்லும் சிறு மரங்களை இச்சொல்லால் குறித்தார். 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் இதே பெயர்தான். 1876-இல் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் கட்டிய இரட்டை உடல் பாய்ப்படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. அவ்வகைப் படகுகளுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் ஆங்கிலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் தாத்தா தொட்டுக் கும்பிட்ட பிறகே ஏறிய மரம் அது.

அச்சொல்லின் உயிர் 'கட்டு' என்பதில் இருக்கிறது. தாத்தா ஆணி அடிக்கமாட்டார், கயிற்றால்தான் பிணைப்பார். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயவைத்து, மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவார். அவிழ்ந்து கிடக்கும் மரங்களைப் பார்த்து அவர் ஒருநாளும் கலங்கியதில்லை.

ஏழாம் வகுப்பில், என் பாடவேளையில், இச்சொல் வந்தபோது நீ எழுந்து, "இது எங்கள் தாத்தாவின் மரம்" என்றாய். பின்வரிசையில் தலைமையாசிரியர் அமர்ந்திருந்தார். "இது ஆங்கிலச் சொல், உச்சரிப்பைக் கவனி, உட்கார்" என்றேன். இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த எனக்கு அதன் பிறப்பு தெரியாமல் இல்லை. மீனவரின் மகன் என்று அறியப்படுவதற்குக் கூசினேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் நீ என்று ஊரெல்லாம் சொன்னவன், அன்று உன்னைப் பொய்யாக்கினேன். அன்றிரவு நீ பேசாமல் சாப்பிட்டாய். அதன்பிறகு எந்தத் துன்பத்தையும் முதலில் என்னிடம் கொண்டுவந்ததில்லை; அதற்கு நானே காரணம்.

குழந்தைக்கு அந்தப் படகைக் காட்டிக் கட்டுமரம் என்று சொல்லிக்கொடு. காதை மூடிக்கொள்ள மறவாதே. ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேசு. எதைச் சொன்னாலும் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன், உட்கார் என்று சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா