ஓட்டல் பாட்டுக்கும் கூலி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பாட்டைப் பயன்படுத்துவோரிடம் ராயல்டி (உரிமைத்தொகை) கேட்பதை ஏதோ நேற்று முளைத்த பேராசை போலப் பேசுகிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1886-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு கருவி) வாசிக்க வந்தவர், அப்புறம் 1898 முதல் 1904 வரை பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவை நடத்திக்கொண்டே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு இசைநாடகங்களும் எழுதித் தள்ளினார் (எப்போது தூங்கினாரோ!). ஷான்லி என்ற ஓட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கு அவர் பாட்டைப் பாடினார்கள், ஆனால் காசு தரவில்லை. பாட்டுக்கென்று தனிக்கட்டணம் வாங்கவில்லையே என்பது ஓட்டல் வாதம். கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றும் மனிதர் விடவில்லை. 1917-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்: சாப்பாட்டு பில்லுக்குள் பாட்டும் அடக்கம் என்கிற மாதிரி சொல்லிவிட்டார் நீதிபதி ஹோம்ஸ்.

– ஒரு வாசகர்