புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு பூங்கொத்து

குழுவினருக்கு வணக்கம். மாடியில் குடிவந்திருக்கும் குடும்பத்துக்கு ஞாயிறு மாலை நாமே கட்டிய பூ, மூலிகைக் கொத்து ஒன்றைக் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. செடி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவந்தால் போதும்.

துளசி, புதினா, ரோஸ்மேரி எதுவானாலும் சரி. வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டில் நீர் நிறைந்திருக்கும். சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் அமிழும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. இலை அழுகினால் பாக்டீரியா பெருகித் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். மறுநாளே பூ தலை சாய்ந்துவிடும்.

கட்டுவதற்கு நூலைவிட ரப்பர் பேண்டே மேல். காயக் காயத் தண்டு சுருங்கும், நூல் தளர்ந்துவிடும். ரப்பரோ கூடவே இறுகும். பார்க்க நன்றாக இல்லை என்பவர்கள் அதன்மேல் நாடா சுற்றிக்கொள்ளலாம். கொத்து வாடுமுன் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் 2 முதல் 3 வாரங்களில் காய்ந்துவிடும். புதினாத் தண்டு தண்ணீரிலேயே வேர் விடும், தொட்டியில் நடலாம். இவ்விரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொத்தோடு செருகிவிடுவோம்.

லில்லியும் அரளியும் கண்டிப்பாக வேண்டாம். லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அரளியோ இலை முதல் பூ வரை நஞ்சு. சென்ட் தெளிக்கும் யோசனையையும் கைவிடுங்கள், புதினாவுக்கு எதற்கு சென்ட்?

யார் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று சனி இரவுக்குள் இங்கே எழுதிவிடுங்கள். இதுவரை சொன்ன மூவரும் துளசிதான் என்கிறார்கள். பூவுக்கு ஆள் தேவை.