திம்பம் வழியாக வருவதென்றால்

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பைக்கில் ஜிபிஎஸ் மாட்டியிருப்பதைப் பாப்பா போட்டோவில் காட்டினாள். அம்சமாக இருக்கிறது. டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். போனை மாட்டாமல் தனி டப்பாவாக வாங்கியது நல்ல யோசனை. பைக் அதிர்வில் போன் கேமரா கெட வாய்ப்புண்டு என்று ஆப்பிள் கம்பெனியே 2021இல் சொல்லியிருக்கிறதாம். மழைத்துளி பட்டால் போன் திரை தானாக எதையாவது அமுக்கிக்கொள்ளும், வெயிலில் சூடேறி அணைந்தும் போகும். ஒயரை மட்டும் பார்த்துக்கொள். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் கரண்ட் இழுக்கும், சாவி போட்டால் மட்டும் வருகிற மாதிரி ரிலே வைக்கச் சொல்லுங்கள் என்றார் பட்டறைக்காரர். வைத்துவிட்டாயா?

நம்ம பக்கம் வருவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் திம்பம் மலை ரோட்டில் அந்த டப்பாவைப் பார்க்காதே. 27 வளைவிலும் லோடு லாரியோடு ஏறி இறங்கியவன் சொல்கிறேன். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டில் குறைந்தது நாலின் சிக்னலாவது கிடைத்தால்தான் அதற்கு இடம் சரியாகத் தெரியும். ஒரு பக்கம் மலை வானத்தை மறைத்தால் கணக்கு தப்பும். வளைவுக்கு மேலே அடுத்த வளைவு மடிந்து கிடக்கிற இடத்தில் நீ கீழ் ரோட்டில் இருப்பாய், அம்புக்குறி மேல் ரோட்டுக்குத் தாவிவிடும். அந்த நேரம் பார்த்து தாளவாடிக் கரும்பு லாரி எதிரே திரும்பினால் ரோடு முழுக்க அவனுக்கே பத்தாது. ஹாரன் அடி. ஏறி வருகிறவனுக்கு வழி விடு. திரையைப் பார்க்காதே.

கொள்ளேகாலில் இருந்து கேர்மாளம் வழியாக ஆசனூருக்கு ஒரு காட்டு ரோடு உண்டு. மேப் அதைக் கிட்டத்து வழி என்று காட்டினாலும் காட்டும். கிட்டம்தான், ஆனால் பஞ்சரானால் கேட்க நாதி கிடையாது. சாம்ராஜ்நகர் வழியாகவே வா. காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு வாசனைக்கு யானை ரோட்டோரம் நிற்கும். அதெல்லாம் எந்த மேப்பிலும் வராது. திம்பம் ரோட்டில் 2022 பிப்ரவரியில் இருந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல் காலை ஆறு வரைக்கும் விட மாட்டார்கள். அதற்குள் இறங்கிவிடலாம் என்று முறுக்கிக்கொண்டு வராதே.

சின்ன மாமன் போன ஞாயிற்றுக்கிழமை பண்ணாரி போயிருந்தார். டீக்கடை முன்னால் கே.ஏ. என்று கர்நாடகா நம்பர் போட்ட பைக் ஒன்று, ஹேண்டிலில் இதே மாதிரி டப்பா, நம்ம தம்பி சாயலில் ஒரு பையன் என்று வந்து சொன்னார். கூப்பிடுவதற்குள் புளியம்பட்டி ரோட்டில் போய்விட்டானாம். பெங்களூரில் இருந்து கோயமுத்தூருக்கு எத்தனையோ பையன்கள் அப்படிப் போகிறார்கள், அவனாக இருக்காது என்று சொல்லிவிட்டேன். உங்கம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மாமன் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

அந்தப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. பெரியவரும் எடுக்க மாட்டார், நான் பேசிவிட்டேன். படித்த பிள்ளை, உன் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கியிருக்கிறாய், உனக்குத் தெரியாததா. ஆனால் பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குக்கூட வரவில்லையே என்று நாலு பேர் கேட்கும்போது நான் என்ன சொல்ல?

அந்த டப்பாவில் ஹோம் என்று ஒரு பட்டன் இருக்குமாமே. அதில் பெங்களூர் ரூமைத்தான் போட்டிருப்பாய், தினமும் போய் வருகிற இடம், அதுதான் வசதி. நம்ம வீட்டையும் வேறு பேரில் ஏற்றி வை. பழைய ரைஸ்மில் சந்தில் திரும்பச் சொன்னால் கேட்காதே. அங்கே குழாய் போடத் தோண்டியது இன்னும் மூடவில்லை. வாய்க்கால் பாலம் தாண்டித் திரும்பு.

ராத்திரி ஆசனூரிலேயே தங்கிவிட்டுக் காலையில் ஆறு மணிக்கு மேல் இறங்கினால் எட்டு, எட்டரைக்குச் சாப்பிட வந்துவிடலாம். அவசரமில்லை. ரிலே வைத்தாயா என்பதை மட்டும் பாப்பாவிடமாவது சொல்லி அனுப்பு.

அப்பா