முதற்பிரதியோடு ஒரு கோப்பும் தாருங்கள்

யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் அச்சகங்களில் பக்கம் வடிவமைப்பவர்களுக்கும்

வணக்கம்.

நான் விரல்களால் வாசிக்கிறவள். பிறெயில் படித்தது ஆறு வயதில். பள்ளிக்கூடக் காலத்தில் பாடப்புத்தகங்கள் கிடைத்தன. கதைப்புத்தகங்களும் சில கைக்கு வந்தன. படிப்பு முடிந்து வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் வளர்ந்தவர்களுக்கான பிறெயில் நூல் தமிழில் எவ்வளவு அரிது என்று விளங்கியது. நாவல் என்றால் யாராவது வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்புவார்கள். சட்டம், வரலாறு, நீரிழிவு, எங்கள் கிணற்று நீர் பற்றிய நூல்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மம்மாவின் காணியைப் பிரிக்கிற பேச்சு வந்தது. தேசவழமை என்ன சொல்கிறது என்று நானே வாசித்து அறிய ஆசைப்பட்டேன். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழமைச் சட்டம் இன்றும் எங்கள் காணி விஷயங்களில் உயிரோடிருக்கிறது. முன்னோர் வழி வந்த முதுசம் எது, சீதனம் எது, மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் எது என்று விளக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். வாசித்துக் காட்டியவர் பெரியம்மாவின் மகன். அந்தக் காணியில் அவருக்கும் பங்கு உண்டு. அண்ணா நேர்மையானவர், ஒரு வரியையும் விட்டிருக்க மாட்டார். ஆனால் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன், எதைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன் என்பதைக் கொண்டே என் மனதில் இருந்தது முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் வாசிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் வாழ்நாளில் ஒருமுறையும் நேராது.

“இப்போது எல்லாம் கேட்கலாமே” என்பார்கள். நானும் நிறையக் கேட்கிறேன். ஆனால் சட்டப் பிரிவையும் மருந்தின் அளவையும் கேட்டு மட்டும் மனதில் நிறுத்த முடியாது. விரலை வைத்துத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது வரியில் தலைப்பு மறந்துவிடும். லகர, ளகர, ழகரத்துக்குப் பிறெயிலில் வேறுவேறு புள்ளிகள். எங்கள் வீட்டுப் பேச்சிலோ ளகரமும் ழகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். காதால் மட்டும் படித்தவர் எழுத உட்கார்ந்தால் தடுமாறுவது அதனால்தான்.

இனி உங்களால் முடிந்ததைச் சொல்கிறேன். இங்கே பல புத்தகங்கள் இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானுக்கும் பிறெயிலாக மாற்றும் மென்பொருளுக்கும் அது உளறல். ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரு கோப்பு இருந்தால் மென்பொருள் அதைப் புள்ளிகளாக்கித் தரும், பிறெயில் தெரிந்த ஒருவர் பிழை பார்த்தால் போதும். இல்லாவிட்டால் நீங்கள் ஏற்கனவே தட்டச்சு செய்து திருத்திய புத்தகத்தை இன்னொருவர் முதலிலிருந்து தட்டச்சு செய்யவேண்டும். மாதங்கள் போய்விடும். பிறெயிலில் ஒரு அச்சுப்பக்கம் இரண்டு மூன்று பக்கமாக விரியும், தாளும் தடித்தது. அந்தச் செலவையாவது தட்டச்சுக் கூலி தின்னாமல் இருக்கட்டும்.

உரிமை பறிபோகும் என்ற பயம் சிலருக்கு உண்டு. பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய பிரதிகளுக்குப் பதிப்புரிமை தடையாக இருக்கக்கூடாது என்பதற்காகவே 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை உருவானது. இலங்கையும் 2016இல் அதில் சேர்ந்தது. கோப்பைப் பிறெயில் அச்சிடும் நிறுவனத்திடம் மட்டும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து கொடுங்கள். படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் சேர்த்தால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதி கைமாறும்போது சபை கைதட்டும். அதே மேடையில், அதே நேரத்தில், இந்தக் கோப்பையும் கையளியுங்கள். தேசவழமை நூலை எழுதியவர் இந்த மடலை வாசிக்கக்கூடும். ஐயா, உங்களிடமிருந்தே தொடங்கலாமா? எங்கள் காணி இன்னும் பிரிக்கப்படவில்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிறெயில் வாசகி